500 டாலருக்கு விற்ற மெட்டு

எங்கள் விடுதியில் பக்கத்து அறையில் ஒருவன் இருக்கிறான். பெயர் வேண்டாம், போட்டால் அடிப்பான். இரவு பதினொரு மணிக்கு மேல் ஹெட்போனை மாட்டிக்கொண்டு கீபோர்டில் உட்கார்ந்தால் விடிய விடிய டொக் டொக் என்று கட்டைச் சத்தம் மட்டும் சுவர் வழியாக வரும். இசையில் எனக்கு அறிவு கம்மி. ஆனால் அவன் கெட்டிக்காரன் என்பது எனக்கே தெரியும்.

போன தீபாவளிக்கு முன்னால் அவனுக்கு ஒரு வாய்ப்பு வந்தது. ஊரில் ஒரு ஜவுளிக்கடை. லோக்கல் கேபிளுக்கும் பஸ் ஸ்டாண்ட் டிவிக்கும் 30 விநாடி விளம்பரம். கடை பெயர் மூன்று தடவை வர வேண்டும், பட்டுப்புடவை என்ற வார்த்தை ஒரு தடவையாவது வர வேண்டும். சம்பளம் 2,000 ரூபாய். பையன் சந்தோஷமாக வந்து மெஸ்ஸில் சொன்னான். சொன்னதுதான் தப்பு. காலேஜ் மியூசிக் கிளப் அண்ணன்கள் இரண்டு பேர் அன்றிலிருந்து அவனைப் "புடவைக்கடை பாகவதர்" என்று கூப்பிட ஆரம்பித்துவிட்டார்கள். "ராகம், ஹார்மனின்னு பேசிட்டு கடைசியில சேலை வியாபாரத்துக்குப் போயிட்டியேடா" என்று ஒரு அண்ணன் சாம்பார் வாளியைக் கையில் வைத்துக்கொண்டு சொன்னது எனக்கு இன்னும் நினைவிருக்கிறது. அவனும் இரண்டு நாள் முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு, செய்யலாமா வேண்டாமா என்று புலம்பினான்.

அந்த நேரத்தில் எனக்கு வேறு ஒரு மனிதரைப் பற்றிப் படிக்கக் கிடைத்தது. பேரி மேனிலோ.

நம் செட்டில் பாதிப் பேருக்கு இந்தப் பெயர் தெரியாது. எனக்கும் தெரியாமல்தான் இருந்தது. அமெரிக்காவில் 1970களின் மத்தியிலிருந்து பத்து வருடத்துக்கு ரேடியோவைத் திறந்தால் இவர் குரல்தான். உருகி உருகிப் பாடும் காதல் பாட்டு, பியானோ, பாட்டின் கடைசியில் ஸ்ருதியை ஒரு படி மேலே ஏற்றிவிட்டு மறுபடி பல்லவி. கூட்டம் எழுந்து நிற்கும். ராக் இசை விமர்சகர்களுக்கு மட்டும் இவரைக் கண்டாலே ஆகாது. சர்க்கரைப் பாகு என்றார்கள், அழுகாச்சி என்றார்கள். விளம்பரப் பாட்டு போட்டவன்தானே, வேறெப்படி இருப்பான் என்பதும் அந்த ஏச்சுகளில் ஒன்று. அதாவது நம் மெஸ்ஸில் நடந்ததேதான். அங்கே சாம்பார் வாளி மட்டும் கிடையாது :)

ஆள் எங்கிருந்து வந்தார் என்று கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். 1943ல் நியூயார்க்கின் புரூக்ளின் பகுதியில் பிறந்தவர். அப்பா சின்ன வயதிலேயே விட்டுப் போய்விட்டார். அம்மாவும் அம்மா வழித் தாத்தா பாட்டியும் வளர்த்தார்கள். மேனிலோ என்பதே அம்மா வீட்டுப் பெயர். முதலில் கற்றுக்கொண்டது அக்கார்டியன், அதாவது நம் ஊர் ஆர்மோனியத்தைத் தோளில் மாட்டியதுபோல் ஒன்று. அம்மா மறுமணம் செய்துகொண்டபோது வந்த இரண்டாம் அப்பாதான் வீட்டுக்குள் ஜாஸ் இசைத்தட்டுகளைக் கொண்டுவந்தவர். பியானோவும் அதற்குப் பிறகுதான். பிறகு சிபிஎஸ் தொலைக்காட்சி நிறுவனத்தில் தபால் பிரிக்கும் அறையில் வேலை. பகலில் தபால், மற்ற நேரமெல்லாம் பியானோ. அங்கே அறிமுகமான ஓர் இயக்குநர் 'தி ட்ரங்கார்ட்' என்ற பழைய நாடகத்துக்குப் பழைய பாட்டுகளைக் கொஞ்சம் ஒழுங்குபடுத்திக் கொடு என்று கேட்க, இவர் முழுசாகப் புதுப் பாட்டுகளே போட்டுக் கொடுத்துவிட்டார். அந்த நாடகம் எட்டு வருடம் ஓடியது. அப்புறம் டிவி நிகழ்ச்சிக்கு இசை, பாடகர்களுக்குப் பியானோ வாசிப்பு என்று கிடைத்த வேலையெல்லாம். அந்த வரிசையில் வந்ததுதான் ஜிங்கிள்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன்.

ஸ்டேட் ஃபார்ம் என்பது அமெரிக்காவின் பெரிய காப்பீட்டுக் கம்பெனி. நல்ல அண்டை வீட்டுக்காரன் மாதிரி நாங்கள் பக்கத்தில் இருப்போம் என்ற அர்த்தத்தில் அவர்களுக்கு ஒரு விளம்பர வாசகம். 1971ல் அதற்கு மெட்டுப் போட்டவர் மேனிலோ. ஐந்து விநாடிக்குள் முடிந்துவிடும். அதுதான் முழுப் பாட்டும். அமெரிக்காவில் ஒரு நாற்பது வயது ஆளை எழுப்பிப் பாதி வாசகத்தைச் சொன்னால் மீதியைப் பாடிவிடுவார் என்கிறார்கள். 2010ஐ ஒட்டி அந்தக் கம்பெனி எடுத்த விளம்பரங்களில், கஷ்டத்தில் மாட்டியவர் அந்த மெட்டைப் பாடினால் போதும், காப்பீட்டு ஏஜெண்ட் மந்திரம் போட்டதுபோல எதிரே வந்து நிற்பார். நாற்பது வருடம் கழித்தும் அதே மெட்டு!

அதற்கு மேனிலோவுக்குக் கிடைத்தது 500 டாலர். ஒரே தடவை. அவரே பல பேட்டிகளில் சொல்லிச் சிரித்த கணக்கு இது. இன்றைய மதிப்பில் பார்த்தால் 4,000 டாலருக்குக் கிட்டே வரும். அதற்கு மேல் ஒரு பைசா கிடையாது.

இதில் எனக்கு ஆச்சரியமாக இருந்தது வேறு ஒன்று. அமெரிக்காவில் விளம்பரத்தில் பாடுகிறவர்களுக்கும் நடிக்கிறவர்களுக்கும் தொழிற்சங்கம் உண்டு. அவர்கள் சங்க ஒப்பந்தத்தின்படி விளம்பரம் ஓட ஓடப் பணம் வரும். 13 வாரம் ஒரு தவணை. தவணை முடிந்த பிறகும் ஓட்ட வேண்டுமென்றால் மறுபடி பணம் வைக்க வேண்டும். நாடு முழுக்க ஓடும் ஒரு விளம்பரத்தில் கோரஸ் பாடியவர் அதை வைத்தே வீடு வாங்கிவிடலாம். ஆனால் மெட்டுப் போட்டவர்? அவர் மெட்டை மொத்தமாக விற்றுவிடுகிறார். கைமாறியதும் அது விளம்பரக் கம்பெனி சொத்து, அல்லது கிளையண்ட் சொத்து. பாட்டை உருவாக்கியவனுக்கு ஒரு தடவை கூலி, அதை வாயைத் திறந்து பாடியவனுக்கு வாழ்நாள் வரவு. அதனால்தான் அந்தக் காலத்து நியூயார்க் ஜிங்கிள்காரர்கள் பலர், குரல் சுமாராக இருந்தாலும், கோரஸில் தங்கள் குரலையும் எப்படியாவது நுழைத்துக்கொண்டார்கள். மெட்டில் போனதைக் குரலில் பிடிக்கலாமே! மேனிலோவும் பாட ஆரம்பித்தார். மெக்டொனால்ட்ஸ், பெப்சி, டாக்டர் பெப்பர், கெண்டக்கி சிக்கன் விளம்பரங்களில் எல்லாம் அவர் குரல் இருக்கிறது. பின்னாளில் கோடிக்கணக்கில் விற்ற அந்தக் குரல் ஸ்டூடியோ மைக்குக்குப் பழகியதில் பர்கருக்கும் கோழிக்கும் கொஞ்சம் பங்கு உண்டு.

மெட்டுப் போட்டவற்றில் ஸ்டேட் ஃபார்முக்கு அடுத்துப் பெரிசு பேண்ட்-எய்ட். நாம் காயத்துக்கு ஒட்டுகிற அதே பிளாஸ்திரி. மைக்கேல் பெக்கர் என்பவர் வரி எழுத, இவர் மெட்டு. குழந்தைகள் பாடும் பாட்டு. பிளாஸ்திரி என்மேல் ஒட்டிக்கொண்டது, நான் அதன்மேல் ஒட்டிக்கொண்டேன் என்று ஒரு சிலேடை. இதில் ஒரு வேடிக்கை உண்டு. எந்த பிளாஸ்திரியைப் பார்த்தாலும் மக்கள் பேண்ட்-எய்ட் என்று சொல்ல ஆரம்பித்தால் அந்தப் பெயர்மேல் கம்பெனிக்கு உள்ள உரிமையே போய்விடும் (நாம் எல்லா நகலையும் ஜெராக்ஸ் என்கிறோமே, அந்த மாதிரி). ஆகவே பின்னால் பாட்டுக்குள்ளேயே 'பிராண்ட்' என்ற சொல்லைச் செருகினார்கள். வக்கீல் சொல்லி வரி மாறிய பாட்டு உலகத்தில் வேறு எத்தனை இருக்குமோ தெரியாது.

சரி, இந்த வேலை ஒரு இசைக்காரனுக்கு என்ன தரும்?

மேனிலோ சொன்னது, ஜிங்கிள் உலகம்தான் தனக்குக் கிடைத்த சிறந்த இசைக் கல்லூரி என்பது. 2009ல் விளம்பரத் துறைக்கான கிளியோ விருதுகளில் அவருக்குக் கௌரவ விருது கொடுத்தபோதும் இதே கருத்தைத்தான் பேசினார். இது நன்றிக்காகச் சொன்ன வார்த்தை அல்ல என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. யோசித்துப் பாருங்கள். 30 விநாடி. அதில் முதல் மூன்று நான்கு விநாடிக்குள் கேட்பவன் காதைப் பிடித்தாக வேண்டும், ஏனென்றால் அவன் உங்களைக் கேட்க வரவில்லை. நடுவில் வந்த நீங்கள் அவனுக்குத் தொந்தரவு. பொருளின் பெயர் மெட்டின் உச்சத்தில் வந்து விழ வேண்டும். பெயரில் எந்த எழுத்தில் அழுத்தம் இருக்கிறதோ அங்கேதான் தாளமும் விழ வேண்டும், இல்லாவிட்டால் பெயர் கெட்டுவிடும். ஒரு தடவை கேட்டவன் திருப்பிப் பாட வேண்டும். இன்று நாட்டுப்புற பாணி கேட்பார்கள், நாளை ஜாஸ், மறுநாள் சர்ச் கோரஸ் மாதிரி. ஸ்டூடியோவில் நியூயார்க்கின் முதல் தர வாத்தியக்காரர்கள் உட்கார்ந்திருப்பார்கள், மணிக்கணக்குக்குச் சம்பளம், நோட்டு எழுதியதில் தப்பிருந்தால் அங்கேயே மானம் போகும். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் கிளையண்ட். அவருக்கு இசை தெரியாது, ஆனால் பிடிக்கவில்லை என்று சொல்லத் தெரியும். இரண்டு வருடம் இதைச் செய்தவனுக்கு மூன்று நிமிடம் கொடுத்தால் அது ஒரு மைதானம் மாதிரி தெரியாதா?

அந்த மைதானத்தில் அவர் நன்றாகவே ஓடினார். 1970களின் தொடக்கத்தில் பெட் மிட்லருக்குப் பியானோ வாசித்து, இசை இயக்குநராகி, 1972ல் வந்த அவருடைய முதல் ஆல்பத்தின் தயாரிப்பிலும் பங்கெடுத்தார். 1973ல் தன்னுடைய முதல் ஆல்பம். அதில் 'குட் இட் பி மேஜிக்' என்று ஒரு பாட்டு. ஷோபேன் என்ற 19ஆம் நூற்றாண்டு மேதை எழுதிய ஒரு சின்ன பியானோத் துண்டை எடுத்து, அதன்மேல் கட்டிய காதல் பாட்டு அது. ஷோபேனின் அந்தத் துண்டு மிகச் சிறியது, ஒரு பக்கம்தான். சின்ன வடிவத்துக்குள் எவ்வளவு அடைக்கலாம் என்று பழகிய காதுக்குத்தான் அது பிடிபட்டிருக்கும் என்பது என் ஊகம். ஊகம்தான், அடிக்க வராதீர்கள்.

1975 ஜனவரியில் 'மேண்டி' அமெரிக்காவில் முதலிடம். அடுத்த ஜனவரியில் 'ஐ ரைட் த சாங்ஸ்' முதலிடம். தலைப்பே பாட்டுகளை நான்தான் எழுதுகிறேன் என்று சொல்கிறது. இதில் கூத்து என்னவென்றால், அந்தப் பாட்டை எழுதியது மேனிலோ இல்லை! பீச் பாய்ஸ் குழுவைச் சேர்ந்த புரூஸ் ஜான்ஸ்டன் எழுதியது. 'மேண்டி'யும் ஸ்காட் இங்கிலிஷ், ரிச்சர்ட் கெர் இரண்டு பேர் போட்டது, 1971ல் வேறு பெயரில் ஏற்கெனவே வந்தது. ஆக, உலகம் இவர் எழுதியதாக நினைத்துக்கொண்டிருந்த பெரிய பாட்டுகள் சில இவர் எழுதியவை அல்ல. இவர் எழுதி ஊரே பாடிக்கொண்டிருந்த காப்பீட்டுப் பாட்டும் பிளாஸ்திரிப் பாட்டும் இவருடையவை என்று பெரும்பாலோருக்குத் தெரியாது. நான் இதைப் படித்த அன்று ரொம்ப நேரம் சிரித்தேன். அப்புறம் கொஞ்சம் வருத்தமாகவும் இருந்தது.

அவர் அதை மறைக்கவில்லை என்பதுதான் எனக்குப் பிடித்த இடம். புகழின் உச்சியில் இருக்கும்போது கச்சேரியில் தன் விளம்பரப் பாட்டுகளை வரிசையாகக் கோத்துப் பாடினார். 1977ல் வந்த அவருடைய நேரடிக் கச்சேரி ஆல்பத்தில் அது பதிவாகியிருக்கிறது. கூட்டம் ஒவ்வொரு பொருளின் பெயரும் வரும்போது அடையாளம் கண்டு கத்துகிறது. அந்த ஆல்பம் விற்பனையில் முதலிடத்துக்குப் போனது. (அந்த வரிசையில் சிலவற்றில் மெட்டு வேறு ஆட்களுடையது, இவர் குரல் மட்டும்தான் கொடுத்தார். மெக்டொனால்ட்ஸ் பாட்டு அப்படித்தான். அதையும் இவரே போட்டார் என்று பலர் எழுதிவிடுகிறார்கள், நம்பாதீர்கள்.) கிண்டல் செய்கிறவன் வாயை அடைக்க இதைவிட நல்ல வழி உண்டா? நீ எதைச் சொல்லிச் சிரிக்கிறாயோ அதையே நான் மேடையில் பாடுகிறேன், டிக்கெட் வாங்கிக்கொண்டு வந்து கேள் என்கிற மாதிரி.

இவர் ஒருவர்தான் என்றில்லை. கார்பெண்டர்ஸ் குழு 1970ல் பாடிய 'வீவ் ஒன்லி ஜஸ்ட் பிகன்' அமெரிக்கக் கல்யாணங்களில் பாடாத வீடு இல்லை என்கிற அளவுக்குப் போனது. அது பிறந்தது கலிஃபோர்னியாவில் ஒரு வங்கியின் டிவி விளம்பரத்துக்கு. நம் ஊரிலேயே ரஹ்மான் இருக்கிறார். 1987ல் ஆல்வின் வாட்ச் விளம்பரத்தில் ஆரம்பித்து 1992ல் 'ரோஜா' வரும்வரை அவருக்கு முக்கியத் தொழிலே ஜிங்கிள்தான். 'சின்னச் சின்ன ஆசை' வந்தபோது என்னடா சத்தம் இவ்வளவு சுத்தமாக இருக்கிறது என்று ஊரே திரும்பிப் பார்த்ததாக எங்கள் மாமா இப்போதும் சொல்வார். ஐந்து வருடம் 30 விநாடிகளைச் செதுக்கியவர் கை அது. மெஸ்ஸில் கிண்டலடித்த அண்ணன்கள் இரண்டு பேரும் ரஹ்மான் வெறியர்கள் என்பதை இங்கே சொல்லாமல் விடக் கூடாது.

இதுவரை படித்தவர்கள், சரி, விளம்பரப் பாட்டு நல்ல பள்ளிக்கூடம், போய்ச் செய்யுங்கள் என்று சொல்லி முடிக்கப் போகிறான் என்று நினைத்திருப்பீர்கள். நானும் அப்படித்தான் முடிப்பதாக இருந்தேன். ஆனால் அந்த 500 டாலர் உறுத்துகிறது.

பள்ளிக்கூடம் என்று மேனிலோ சொல்லலாம். அவருக்குச் சொல்ல உரிமை இருக்கிறது, ஏனென்றால் அவர் பாஸ் ஆகிவிட்டார். அதே ஸ்டூடியோவில் அதே வருடங்களில் அதே கூலிக்கு மெட்டுப் போட்டு, அப்புறம் 'மேண்டி'யும் வராமல், ஆல்பமும் வராமல் போனவர்கள் எத்தனை பேர்? அவர்களை யாரும் பேட்டி எடுக்க மாட்டார்கள். அவர்களுக்கு அது வெறும் வேலை, அதுவும் குறைந்த கூலிக்குச் செய்த வேலை. ஜெயித்தவன் சிரித்துக்கொண்டே சொல்வதை வைத்து, கலைஞனுக்கு அனுபவமே கூலி என்று பணம் கொடுக்கிறவன் பேச ஆரம்பித்துவிடுகிறான். "தம்பி, உனக்கு நல்ல எக்ஸ்போஷர்" என்பார்களே, அதன் அமெரிக்க வடிவம்தான் இந்த 500 டாலர் கதை.

எதிர்ப்பக்க வாதமும் எனக்குத் தெரியும். அவர் முழு மனதோடு விற்றார், அன்றைக்கு அந்தப் பணம் தேவைப்பட்டது, மெட்டு இத்தனை வருடம் ஓடும் என்று வாங்கியவனுக்கும் தெரியாது. கம்பெனி பல கோடி செலவழித்து டிவியில் ஓட்டியதால்தானே மெட்டே புகழ்பெற்றது? இதில் கொஞ்சம் நியாயம் இருக்கிறது, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் பாடியவருக்கும் அதே வாதம் பொருந்தும் இல்லையா? அவருக்கும் கம்பெனிதான் புகழ் வாங்கிக் கொடுத்தது. அவருக்கு மட்டும் 13 வாரத்துக்கு ஒரு தடவை பணம் வந்ததற்குக் காரணம், அவர் பின்னால் சங்கம் இருந்தது, அவ்வளவுதான். மெட்டுப் போட்டவர் தனி ஆள். நம் நாட்டில் 2012ல் காப்புரிமைச் சட்டத்தைத் திருத்தி, சினிமாவுக்குப் பாட்டு எழுதுகிறவர்களும் இசையமைப்பவர்களும் ராயல்டி உரிமையை எழுதிக் கொடுத்து இழக்க முடியாதபடி செய்ததும் இதே காரணத்துக்குத்தான். வாய்ப்பு கேட்டு வாசலில் நிற்கிறவன் எந்தத் தாளிலும் கையெழுத்துப் போடுவான். அவன் போட்டாலும் செல்லாது என்று சட்டம் சொன்னால்தான் அவன் பிழைப்பான்.

பக்கத்து அறைக்காரன் கதைக்கு வருகிறேன். அவன் அந்த ஜவுளிக்கடைப் பாட்டைப் போட்டான். நான்தான் மேனிலோ கதையைச் சொல்லி அனுப்பினேன் என்பதில் எனக்குக் கொஞ்சம் பெருமை. கடை பெயரில் இரண்டாவது எழுத்து நெடில். அதில் மெட்டை இழுத்து நிறுத்தியிருக்கிறான் பாருங்கள், அபாரம். தீபாவளிக்கு இரண்டு வாரம் பஸ் ஸ்டாண்டில் ஐந்து நிமிடத்துக்கு ஒரு தடவை ஓடியது. டீக்கடை அண்ணன் அதை விசிலடித்துக்கொண்டே டீ ஆற்றினார். சாம்பார் வாளி அண்ணனே குளிக்கும்போது முணுமுணுத்ததை நான் என் காதால் கேட்டேன்!

பிறகு பொங்கலுக்கும் அதே பாட்டு ஓடியது. பக்கத்து ஊரில் திறந்த கிளையிலும் ஓடியது. ஆடித் தள்ளுபடிக்கு வரியை மாற்றி, வேறு யாரையோ பாட வைத்து, அதே மெட்டில் ஓட்டினார்கள். இவனிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. முதல் 2,000 ரூபாயில் 500 இன்னும் பாக்கி. கேட்டால், "தம்பி, உன் பேரு ஊரெல்லாம் தெரியுதுல்ல" என்கிறார்களாம். அவன் பேர் ஒருத்தருக்கும் தெரியாது. கடை பேர்தான் தெரிகிறது.

வரும் சனிக்கிழமை அவனை ஒரு பாத்திரக்கடையில் கூப்பிட்டிருக்கிறார்கள். நானும் கூடப் போகிறேன். ஒரு வெள்ளைத்தாளில் நான்கு வரி எழுதி வைத்திருக்கிறோம். முழுப் பணமும் ஒலிப்பதிவு அன்றே வேண்டும். மூன்று மாதத்துக்கு மேல் ஓட்டினால் மறுபடி பணம். வரியை மாற்றினால் கேட்டுவிட்டு மாற்ற வேண்டும். நாலாவது, பாட்டை அவனே பாடுவான். அவன் குரல் சுமார்தான். சங்கமும் கிடையாது. இருந்தாலும் அந்த வரியை அடிக்க மாட்டேன் என்று பிடிவாதமாக இருக்கிறான்.